பட்டியலில் யார் பெயர் நிற்கும்?

புதுக்கோட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பழைய மடிக்கணினி ஒன்று நன்கொடையாக வந்தது. அதில் லினக்ஸ் ஏற்றினோம். பாதியில் நின்று, எந்த ஊர் நேரம் வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் சென்னை இல்லை, மதுரை இல்லை, டெல்லியும் மும்பையும்கூட இல்லை. இந்தியாவுக்கென்று இருந்தது ஒரே பெயர்: ஏசியா/கொல்கத்தா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளஸ் டூ மாணவி, "நம்ம ஊரு மணிக்கு எதுக்குண்ணா கொல்கத்தாவைத் தொடணும்?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்தது கடிகாரத்தின் கதை மட்டுமல்ல. பட்டியல் போடுகிறவர்களின் கதை. பட்டியல் சாதி என்று அரசாங்கமே பெயர் வைத்த நமக்கு அந்தக் கதை புதிதாகத் தெரியாது.

உலகத்தின் கைபேசிகளும் சர்வர்களும் எந்த ஊரில் எப்போது என்ன மணி என்பதை ஒரு பொதுவான தரவுத்தளத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கின்றன. 1980களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் அதைத் தொடங்கினார். காப்புரிமை கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம் மட்டும், பழைய நேர விவரங்கள் தன் சொத்து என்று வழக்குப் போட்டது. (பிறந்த நேரத்தைக் கணிக்கிறவர்களுக்குத்தான் பழைய மணி ரொம்ப முக்கியம், அங்கேயும்.) அடுத்த ஆண்டே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2011இலிருந்து இந்தத் தரவுத்தளம் இணைய எண்களையும் பெயர்களையும் கவனிக்கும் ஐயானா அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் எகர்ட் அதைத் தொகுக்கிறார்.

அதன் விதிகளில் இரண்டை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒன்று, 1970 ஜனவரி 1 முதல் எந்தெந்த இடங்களில் கடிகாரம் ஒரே மாதிரி ஓடியதோ, அவை எல்லாம் ஒரே மண்டலம். அந்தத் தேதி ஏன்? கணினி தன் நொடிகளை எண்ணத் தொடங்குவது அன்றிலிருந்துதான். வேறு எந்தப் புனிதமும் அதற்கு இல்லை. இரண்டு, மண்டலத்துக்குள் அதிக மக்கள் உள்ள ஊரின் பெயரே மண்டலத்தின் பெயர். 1970க்குப் பிறகு இந்தியா முழுக்க ஒரே மணி. பெரிய நகரம் கல்கத்தா. அதனால் கல்கத்தா. 2001இல் நகரத்தின் பெயர் மாறிய பிறகு சில ஆண்டுகள் கழித்து பட்டியலிலும் கொல்கத்தா ஆனது. பழைய பெயரைத் தட்டினாலும் வேலை செய்யும்.

அந்தப் பெயரைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் வேடிக்கை. 1870 முதல் 1905 முடிய, 36 ஆண்டுகளுக்கு, அதில் இருப்பது சென்னை நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே.

1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானியல் ஆய்வுக்கூடம் கட்டியது. ஜான் கோல்டிங்ஹாம் அங்கிருந்து 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். தந்தி வந்தபோது அந்த ஆய்வுக்கூடத்து மணியைத்தான் தந்தி அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன. ரயில் வந்ததும் சிக்கல் வந்தது. பம்பாய்க்காரர்கள் பம்பாய் மணியில் வண்டி விட வேண்டும் என்றார்கள், கல்கத்தாக்காரர்கள் கல்கத்தா மணியில். வரைபடத்தில் சென்னை நடுவில் விழுந்தது. பம்பாய் ஏறத்தாழ அரை மணி பின்னே, கல்கத்தா அரை மணி முன்னே. இரண்டு பெரியவர்கள் சண்டையில், இருவருக்கும் சமதூரத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். 1870இலிருந்து ரயில்களுக்குச் சென்னை நேரம் என்று முடிவானது. ஆனால் ஊருக்குள் அவரவர் தங்கள் மணியையே வைத்துக்கொள்ளலாம். அதுதான் சமரசம்.

அந்தச் சமரசத்தை யாரும் மனதார ஏற்கவில்லை. 1881இல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அரசு அலுவலகங்களுக்குச் சென்னை நேரத்தைக் கொண்டுவந்தார். நகரத்து வணிகர்கள் மறுத்தார்கள். இரண்டே ஆண்டில் உத்தரவு திரும்பிப் போனது. ஏன் இந்த முரண்டு என்று 1899இல் வங்காள ஆசியக் கழகத்தில் நிலவியலாளர் ஆர்.டி. ஓல்டாம் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் சொன்ன காரணம் வானியல் இல்லை. பம்பாய்க்காரனுக்கும் கல்கத்தாக்காரனுக்கும் சென்னை என்றால் இளப்பம், பின்தங்கிய மாகாணத்தின் மணியை நாம் ஏன் வைக்க வேண்டும் என்ற எண்ணம் என்று பச்சையாகச் சொன்னார். சென்னையும் தன் பெருமையை விட்டுக்கொடுக்காது என்றும் சேர்த்தார். கடைசியில் 1906 ஜனவரி 1 முதல் யாருடைய ஊரும் அல்லாத 82.5 பாகைக் கோட்டை எடுத்தார்கள். அதுதான் இந்திய நேரம். கல்கத்தா 1948 வரை தன் மணியைக் கைவிடவில்லை, பம்பாய் 1955 வாக்கில்தான் விட்டது. இதில் ஒரு கூத்து உண்டு. கல்கத்தா நகரத்து மக்கள் 1948 வரை உண்மையில் கையில் கட்டியிருந்த மணி, கல்கத்தாவின் பெயரில் இருக்கும் அந்த மண்டலத்தில் இல்லை. பெயர் ஒருவருடையது, வரலாறு இன்னொருவருடையது.

1906 ஜனவரியில் பம்பாயில் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கலகம் செய்தார்கள். அவர்கள் மாகாணப் பெருமைக்காகத் தெருவுக்கு வரவில்லை. கடிகாரம் 39 நிமிடம் முன்னே போனால் ஆலைச் சங்கும் 39 நிமிடம் முன்னே ஊதும், இருட்டிலேயே எழுந்து ஓட வேண்டும். நேரம் பற்றிய வரலாற்றில் உழைக்கிறவன் குரல் கேட்கும் இடம் இது ஒன்றுதான் என்று எங்களுக்குப் பட்டது. அதே ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள் என்பதையும் மறக்க முடியாது. நூல் தீர்ந்தால் புதுக் கண்டின் நூலை வாயால் உறிஞ்சி நாடாவுக்குள் இழுக்க வேண்டும், எச்சில் தீட்டு. கூலி அதிகம் கிடைக்கும் பிரிவும் அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் கேட்ட பிறகுதான் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியது.

நமக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தையது. பேஷ்வா ஆட்சியில் புணே நகருக்குள் பிற்பகல் 3 மணிக்கு மேலும் காலை 9 மணிக்கு முன்பும் மகர்களும் மாங்குகளும் நுழையக் கூடாது என்று இருந்த தடை பதிவாகியிருக்கிறது. அந்த வேளைகளில் நிழல் நீளும், மேல்சாதிக்காரர் மேல் விழும். ரயில்காரர்களுக்கு முன்பே நம் ஆட்களுக்கு மணி குறித்து வைத்திருந்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் பாகான் நேரம் என்று ஒன்றை வைத்தார்கள். நாட்டின் மணிக்கு ஒரு மணி நேரம் முன்னே. பகல் வெளிச்சத்தில் அதிக வேலை வாங்கலாம். இழுத்து வரப்பட்ட ஆதிவாசிகள் அந்த மணிக்குத்தான் கொழுந்து பறித்தார்கள். அது இந்தத் தரவுத்தளத்தில் தனி மண்டலமாக இல்லை. உலகப்போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது, அது இருக்கிறது. அதே ஆண்டுகளில் வைஸ்ராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் இருந்தார். 1946இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆனது. நேரத்தின் வரலாறு என்று நாங்கள் எழுதினால் முதலில் அதைத்தான் எழுதுவோம்.

ஈழத்துக்கு வருவோம். 1996 மே மாதம் மின்பற்றாக்குறையைச் சொல்லி இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணி குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இரண்டையும் ஏற்கவில்லை, பழைய ஐந்தரையிலேயே நின்றன. ஒரே தீவில் பத்து ஆண்டு இரண்டு மணி. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, கொழும்பும் ஐந்தரைக்கே திரும்பியது. தரவுத்தளத்தில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியினர் கொல்கத்தாவைத் தேர்ந்துகொள்ளலாம், 1970 முதல் இரண்டும் ஒத்தே போகின்றன என்று எகர்ட் எழுதிவைத்திருக்கிறார். விதிப்படி சரி. வன்னிக் குடிசையில் தொங்கிய கடிகாரம் கொல்கத்தா என்ற பெயருக்குள் போய்விட்டது. ஆனாலும், எந்த நாடும் அங்கீகரிக்காத ஒரு மக்களின் மணியை ஒருவர் கேட்டறிந்து இரண்டு வரி எழுதியிருக்கிறாரே என்றும் தோன்றியது. சீனாவில் பெய்ஜிங் மணிக்கு இரண்டு மணி பின்னே வாழும் உய்குர் மக்களுக்கு உரும்சி என்ற பெயரில் தனி மண்டலமே இருக்கிறது. அரசு சொல்வது மட்டுமல்ல, மக்கள் வைத்திருப்பதும் மணிதான் என்று ஒப்புக்கொள்கிற பட்டியல் இது. நம்முடைய அரசாங்கப் பட்டியல்கள் அந்த அளவுக்குக்கூட வந்ததில்லை.

ஆனால் சண்டை வந்தது வேறு இடத்தில். முன்பு ஒரு நாட்டுக்கு ஒரு பெயராவது தன் சொந்த வரலாற்றோடு இருக்கும். 2013இல் தொடங்கி, 1970க்குப் பின் ஒத்துப்போகிற மண்டலங்களை ஒன்றாக்க ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவும் போயின. அங்கோலா, நைஜர் உள்ளிட்டவை நைஜீரியாவின் லாகோசுக்குள். எத்தியோப்பியாவும் உகாண்டாவும் கென்யாவின் நைரோபிக்குள். பெயர் இருக்கும், தட்டினால் வேலை செய்யும். 1970க்கு முந்தைய மணியைக் கேட்டால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் கதை வரும். இதற்கு ஊர் கூடவில்லை.

2021இல் நார்வே, சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து என்று ஐரோப்பாவின் முறை வந்தது. ஆஸ்லோவின் பழைய மணியைக் கேட்டால் பெர்லினின் மணி வரும் என்றபோதுதான் கூச்சல் கிளம்பியது. ஐந்து ஆண்டு ஜெர்மன் ஆக்கிரமிப்பில் கிடந்த நாடு அது. மென்பொருள் எழுதுகிறவர்கள், பல ஆண்டு நம்பிப் பயன்படுத்திய விவரத்தை இப்படி மாற்றலாமா என்று கேட்டார்கள். எகர்ட்டின் வாதம் நியாயத்தைப் பற்றியது: அங்கோலாவுக்கு ஒரு விதி, நார்வேக்கு ஒரு விதியா? எல்லோருக்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைப் படித்தபோது நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கேள்வி நூற்றுக்கு நூறு சரி. முடிவு எப்படி வந்தது என்று பாருங்கள். 2021 செப்டம்பர் வெளியீட்டில் கானாவின் அக்ரா, ஐவரி கோஸ்டின் அபிஜானுக்குள் போனது. தங்கக் கரை என்று அழைக்கப்பட்ட காலத்தில் ஆண்டின் கடைசி மாதங்களில் 20 நிமிடம் கூட்டி வைத்த அதன் தனிப் பழக்கமும் உடன் போனது. ஆஸ்லோவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் தவணை கிடைத்தது. அவை 2022 ஆகஸ்டில்தான் பெர்லினுக்குள் போயின. அதே வெளியீட்டில் கோலாலம்பூர், அதைவிடப் பெரிய ஊரான சிங்கப்பூருக்குள் போனது. மலேயா ரப்பர் தோட்டத்தில் நம் பாட்டன்கள் பெரட்டுக்கு நின்ற மணி இனி சிங்கப்பூர் கணக்கு. ஐஸ்லாந்து, ஆப்பிரிக்காவின் அபிஜானுக்குள் போனது. அதைப் படித்து எங்களில் சிலர் கைதட்டினார்கள், மறைப்பானேன்.

பழைய விவரங்களை அழிக்கவில்லை. தனிக் கோப்பில் போட்டு வைத்தார்கள். வேண்டும் என்கிறவர்கள் தொகுக்கும்போது ஒரு விருப்பத்தை இயக்கினால் பழையபடி கிடைக்கும். ஒப்பாதவர்களில் சிலர் நாடுவாரியான தனிப் பிரதியை நடத்தத் தொடங்கினார்கள். இப்படிச் சண்டை ஒருவாறு அடங்கியது.

எங்கள் மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகத் தோழர்கள் புகார் கொடுத்தபோது சில கடைக்காரர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். கண்ணாடி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எல்லோருக்கும் காகிதக் கப். விசாரிக்க வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போனார், பாகுபாடு இல்லை என்று. சட்டப்படி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நாம் கேட்டது அந்தக் கண்ணாடி டம்ளரில் டீ. அங்கோலாவின் வரலாறு பக்கத்து வீட்டுக்குப் போனது தப்பு என்றால், அதைத் திருப்பித் தருவதும் ஒரு வழி. நார்வேயின் வரலாற்றையும் அங்கேயே கொண்டுபோய் வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதைத்தான் தேர்ந்தார்கள். பழைய தரவுகள் பல நம்பத்தகாதவை, 1970க்கு முந்தியது எங்கள் வேலையே இல்லை என்று அவர்கள் சொல்லும் காரணமும் பொய்யில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய பேர் சம்பளமில்லாமல் உலகத்துக்கே செய்யும் வேலை. அவர்களைத் திட்ட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அதிக மக்கள் உள்ள ஊரின் வரலாறு முன்னால் நிற்கும், மற்றது கேட்டால்தான் கிடைக்கும் என்ற ஏற்பாட்டைப் பெரும்பான்மைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே 2021இல், மார்ச் மாதம், நாடாளுமன்றம் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையைத் திருத்தியது. குடும்பன், பள்ளன், பண்ணாடி, காலாடி, கடையன், தேவேந்திரகுலத்தான், வாதிரியான் ஆகிய ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. இது யாரும் திணித்ததில்லை. இழிசொல்லாக ஆக்கப்பட்ட பெயரை உதற வேண்டும் என்று அந்த மக்களே பல காலம் போராடிப் பெற்றது. பழைய ஏழும் அடைப்புக்குறிக்குள் உயிரோடு இருக்கின்றன, பழைய சான்றிதழ் செல்லும். அந்த அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறி உண்டு. கடையன் என்ற பெயருக்குப் பக்கத்தில், திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கடலோரப் பகுதிகள் நீங்கலாக என்று. நம் மாவட்டத்தில் மேற்கே ஒரு பெயர் பட்டியலுக்குள், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் அதே பெயர் பட்டியலுக்கு வெளியே. நேரப் பட்டியலைப் போல இதற்கும் யாராவது காரணத்தை இரண்டு வரி எழுதி ஊருக்குத் தெரிய வைத்திருந்தால், எங்கள் கடலோரத் தோழர்களுக்கு நாங்கள் ஏதாவது பதில் சொல்லியிருப்போம்.

மாவட்டமே அப்படி ஒட்டிச் சேர்த்ததுதான். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்து, பெரிய ஊரான திருச்சியின் பெயருக்குள் போனது. 26 ஆண்டு கழித்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் ஆனபோது தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் சேர்ந்தது. 1974க்குப் பின் இரண்டு பக்கமும் ஒன்று. அதற்கு முன் ஒரு பக்கம் மன்னர் உத்தரவு, மறு பக்கம் சென்னை மாகாண அரசாணை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் அறிக்கையின் பேரில் 1892இல் வந்த பஞ்சமி நில ஆணை மாகாணத்துக்குத்தான், சமஸ்தானத்துக்கு இல்லை. அறந்தாங்கிப் பக்கத்து ஒரு துண்டு நிலத்தின் கதையை அறிய வேண்டும் என்றால் மாவட்டம் பிறப்பதற்கு முன்னால் போக வேண்டும்.

போக விடமாட்டார்கள். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவுத் திட்டத்தில், அப்போது யார் அனுபவத்தில் இருந்ததோ அவர் பெயர் பட்டாவில் ஏறிய இடங்கள் ஏராளம். நம்மிடமிருந்து அதற்கு முன்பே கைமாறிய நிலம், விற்கக் கூடாத நிலம், அங்கே சுத்தமான பட்டாவாகப் பிறந்தது. இன்று கணினிச் சிட்டா அதிலிருந்துதான் பேசுகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில், "யு.டி.ஆருக்கு முந்தி எல்லாம் பார்க்க முடியாதுங்க, சிஸ்டத்துல இல்ல" என்று எழுத்தர் மரியாதையாகத்தான் சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை. பழைய அ-பதிவேடு ஆவணக் காப்பறையில் எங்கோ கட்டிக் கிடக்கும். இயக்கிவிட வேண்டிய விருப்பம் எது என்று தெரிந்தவர்கள் கேட்டால் கிடைக்கும்.

மாலை வகுப்பில் அந்த மாணவிக்கு இவ்வளவையும் சொன்னோம். மடிக்கணினியில் கொல்கத்தாவையே தொட்டு வேலையை முடித்தோம், வேறு வழியில்லை. பிறகு அவளும் இன்னும் மூன்று பேருமாக உட்கார்ந்து, அறந்தாங்கிப் பக்கத்து இரண்டு கிராமங்களுக்கு யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகல் கேட்டு, புல எண்களோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறார்கள். புல எண் தெரிந்த பெரியவர்கள் இரண்டு கிராமத்திலும் இன்னும் இருக்கிறார்கள். விவரம் உள்ளவர்கள் ஞாயிறு மாலை வகுப்புக்கு வரலாம்.